செல்லாவும் மச்செல்லோவும்

உங்கள் பழுப்புக் கோட்டின் இடப்பக்கப் பையில் ஓர் ஓட்டை இருந்தது. தைத்துத் தரச் சொல்லி இரண்டு குளிர்காலம் கேட்டீர்கள். நாளைக்கு, நாளைக்கு என்று நானும் இரண்டு குளிர்காலம் சாட்டுச் சொன்னேன். புதிதாக வந்திறங்கிய பொடியன்களுக்குக் குளிருடுப்பு இல்லை, வீட்டில் சும்மா கிடப்பதைக் கொண்டுவந்து தாருங்கள் என்று போன ஞாயிறு பூசையில் பாதர் சொன்னார். அதனால் இன்று காலை அலுமாரியைத் திறந்து கோட்டை எடுத்து உதறினேன். உள்ளே ஏதோ தட்டுப்பட்டது. ஓட்டைக்குள்ளால் விரலை விட்டுத் துழாவினால், மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவில், குதிரைக்கென்று நீங்கள் கொண்டுபோகிற கரூபாக் காய் ஒன்று கிடந்து கைக்கு வந்தது.

கறுத்து, வளைந்து, கல் மாதிரிக் காய்ந்து போயிருந்தது. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அந்த இனிப்பு மணம் இன்னும் போகவில்லை. அதோடு சேர்ந்து வைக்கோல், தோல், குதிரை வியர்வை, பிறகு நீங்கள். வேலையால் வந்து நீங்கள் படியேறும்போது உங்களுக்கு முன்னால் ஏறி வருகிற மணம் அது. "கோட்டை வாசல்லையே கழட்டுங்கோ" என்று ஒவ்வொரு நாளும் சத்தம் போட்டவள் நான். இன்று கட்டிலில் குந்திக்கொண்டு அதே கோட்டுக்குள் முகத்தைப் புதைத்து அரை மணித்தியாலம் அழுதேன். பார்த்தீர்களா என் கோலத்தை.

கோட்டைக் கோயிலுக்குக் கொடுக்கவில்லை. என்னுடைய நல்ல ஜாக்கெட்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, உங்கள் கோட்டை நானே மாட்டிக்கொண்டேன். பாதருக்குக் கணக்குச் சரிதானே.

இத்தாலிக்கு, இந்தப் பலர்மோவுக்கு வந்த புதிதில் பல்லரோச் சந்தையில் இந்தக் காயைக் குவித்து வைத்திருக்கக் கண்டுவிட்டு, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டு மூன்று மாடியும் ஓடி ஏறி வந்தீர்கள். "இஞ்சாரும், புளி! இஞ்சை புளியங்காய் இருக்கு!" நானும் நம்பி ஊறவைத்துக் கரைத்து மீன் குழம்பு வைத்தேன். வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்தது. நீங்கள் முகத்தைக் கொஞ்சமும் சுளிக்காமல், "நல்லாத்தானே இருக்கு, மீன் போட்ட பாயாசம்" என்று முழுவதையும் சாப்பிட்டீர்கள். தெரியாத பொருளுக்குத் தெரிந்த பெயரை வைத்து, பிறகு அந்தப் பெயரையே நம்பி நடக்கிற மனுசன் நீங்கள். அதற்குப் பின் நடந்ததெல்லாம் அந்தக் குணத்தால் வந்த வினைதான்.

குதிரை வேலை உங்களுக்குக் கிடைத்ததும் அப்படித்தான். நான் அப்போது லிபெர்த்தாத் தெருவில், சிஞ்ஞோரா என்று நான் கூப்பிட்ட அந்த வயதான அம்மாவின் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தேன். நீங்கள் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் நின்று கோப்பை கழுவிக் கழுவி விரல்களெல்லாம் வெடித்துப் போயிருந்தன. சிஞ்ஞோராவின் அண்ணன் மகன் பவோரித்தாப் பூங்காவின் ஓரத்தில் குதிரையேற்றம் பழக்குகிற இடம் வைத்திருந்தான். லாயம் துப்புரவாக்க ஒரு நம்பிக்கையான ஆள் வேணுமாம்; பெர்மெஸ்ஸோவை, அதுதான் இங்கே இருக்கிறதுக்கான அனுமதியை, புதுப்பிப்பதற்கு வேலைக் கடிதமும் தருவானாம். அன்று பின்னேரம் உங்களைக் கேட்டேன்.

"சிஞ்ஞோரா கேக்கிறா, உங்களுக்குக் குதிரை பழக்கமோ எண்டு."

"குதிரையோ? எங்கட நெடுந்தீவு முழுக்கக் குதிரைதானே நிக்குது!"

"அதெல்லாம் காட்டுக் குதிரையள். நீங்கள் எப்ப கிட்டப் போனனீங்கள்?"

"கேட்டது என்ன? பழக்கமோ எண்டு. ஓம், பாத்துப் பழக்கம். கழுதை ஊர்க்காரிக்கு இதெல்லாம் விளங்காது."

நான் மன்னார்க்காரி. எங்கள் தெருக்களில் கழுதைகள் உலாவுவதைச் சொல்லிச் சொல்லியே என்னை ஒரு வழி பண்ணினீர்கள். உங்கள் தீவில் நின்றவையும் போத்துக்கேயரும் ஒல்லாந்தரும் விட்டுவிட்டுப் போன, ஒருவருக்கும் சொந்தமில்லாத மட்டக் குதிரைகள்தான் என்பதை வசதியாக மறந்துவிடுவீர்கள். அடுத்த நாள் நான் சிஞ்ஞோராவிடம், "அவருடைய தீவில் குதிரைகள் கட்டவிழ்ந்து திரியும்" என்று சொன்னேன். அது பொய்யில்லையே. சிஞ்ஞோரா அதைத் தன் அண்ணன் மகனிடம் சொன்னபோது, கட்டவிழ்ந்த குதிரைகளை வசப்படுத்துகிற ஆசாமி ஆகிவிட்டீர்கள். அவனை நீங்கள் பத்ரோனே, அதாவது முதலாளி, என்று கூப்பிட்டீர்கள். நானும் இங்கே அப்படியே எழுதுகிறேன்.

அந்தப் பெட்டைக் குதிரை வந்தது குளிர் தொடங்கின நேரம். அன்று வேலையால் வந்து, போட்ட சோற்றைக்கூடத் தொடாமல் நீங்கள் கதைத்தது இன்றைக்கும் காதில் நிற்கிறது.

"கறுப்பெண்டாலும் முழுக் கறுப்பில்லையப்பா. வெயில் பட்டா, காய்ச்சின பனங்கட்டி மாதிரிச் சிவப்பு ஒண்டு ஓடுது. மூக்குத்தண்டு கொஞ்சம் வளைஞ்சது. கால் எலும்பெண்டா உலக்கை. குளம்பிலை இண்டைவரைக்கும் லாடம் ஏறேல்லை, ஒரு வெடிப்பில்லை. ஒருத்தரையும் பத்து முழத்துக்குள்ளை விடுறாளில்லை."

லொறியில் அவளைக் கொண்டுவந்தவர் தூரி. சான் பிராத்தெல்லோ என்கிற மலையூர்க்காரர், குதிரை வாங்கி விற்கிறவர். அந்த ஊர்ப் பேச்சு பலர்மோக்காரருக்கே விளங்காது என்றீர்கள். ஒரு சொல் இத்தாலியன் தெரியாத நீங்களும் பேச்சில் ஒரு சொல்கூடப் பிடிபடாத அவரும் லொறிப் படியில் குந்தியிருந்து ஒரு மணித்தியாலம் கதைத்தீர்களாம். என்னத்தைக் கதைத்தீர்கள் என்று கேட்டால், அந்தக் குதிரைச் சாதியின் முழுச் சரித்திரமும் வருகிறது. நோர்மன்காரர் பலர்மோ இருக்கிற இந்தத் தீவைப் பிடித்த காலத்தில் வடக்கிலிருந்து வந்து மலையில் குடியேறின சனம் தூரியின் முன்னோராம். வந்த சனத்தின் பேச்சும் அங்கேயே நின்றுவிட்டது, கூட வந்த குதிரைகளும் நின்றுவிட்டன என்று ஊரில் சொல்வார்களாம். வருசம் முழுவதும் ஓக் மரக் காட்டில்தான் சீவியம். கூரை இல்லை, தொட்டி இல்லை. பனி கொட்டினாலும் பனிக்குள்ளேயே நின்று, கிடைத்ததைக் கடித்து, குட்டியையும் காட்டிலேயே போடும். பிறகு வந்த காலத்தில், ஏறி ஓடுவதற்கு வேகம் வேணுமென்று அரபு இரத்தமும் ஆங்கில இரத்தமும் கலந்தார்களாம். வேகம் வந்தது, பிடிவாதம் மட்டும் மலையுடையதாகவே இருக்கிறதாம்.

"தூரி சொல்லுறார், இது பொல்லாத சாதியில்லையாம். வெருளும், ஆனா வன்மம் இல்லை. அடிச்சாத்தான் மறக்காது. ஒருக்கா ஒராளை நம்பிட்டுதெண்டா, மலை விளிம்பாலையும் கல்லுத் தட்டாமக் கொண்டுபோய் விடுமாம்."

பாதி அவர் சொன்னது, பாதி உங்கள் சேர்மானம் என்று அன்றைக்கு நினைத்தேன். பிறகு சிஞ்ஞோராவிடம் விசாரித்தால், அநேகமாக எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பாசை இல்லாமலே இவ்வளவும் விளங்கின உங்களுக்கு, பத்ரோனே சொன்ன ஒரே ஒரு வசனம் மட்டும் விளங்காமல் போனது.

சான் ஜுசெப்பே, அதுதான் சூசையப்பர், திருநாளுக்குள் இவள் 'தா செல்லா' ஆக வேண்டும், இல்லாவிட்டால் 'மச்செல்லோ' என்று அவன் சொன்னான். செல்லா என்றால் சேணம். தா செல்லா என்றால் சேணம் பூட்டி ஆள் ஏறக்கூடிய குதிரை. மச்செல்லோ என்றால் இறைச்சிக்கு வெட்டுகிற இடம். பங்குனி நடுவில் வருகிற திருநாளுக்குள் அவள் முதுகில் ஆளேற விடவேண்டும், இல்லாவிட்டால் கத்திக்குப் போவாள் என்பதுதான் அந்த வசனம். பலர்மோவில் இறைச்சிக் கடைப் பலகைகளில் கர்னெத்சேரியா என்றுதான் எழுதியிருப்பார்கள். தினமும் அந்தப் பலகைகளுக்குக் கீழே நடந்து திரிந்த எங்களுக்கு மச்செல்லோ என்ற சொல் தெரிய நியாயமில்லை.

உங்கள் காதில் விழுந்ததோ செல்லம். சூசையப்பர் திருநாளுக்குள் இந்தக் குதிரையைச் செல்லமாக்க வேண்டும். "மனுசன் சூசையப்பருக்கு ஏதோ நேர்த்தி வைச்சிருக்கிறார்" என்று எனக்கு விளக்கமும் தந்தீர்கள். எங்கள் பக்கம் ஆட்டை நேர்ந்து விடுவார்கள். இங்கே பணக்காரர், குதிரையை நேர்ந்து விடுகிறார்கள். நானும் தலையாட்டினேன். மச்செல்லோ? "அது இன்னும் கூடச் செல்லம். கொஞ்சமெண்டாலும் செல்லமாக்கு, ஏலுமெண்டா மச்செல்லமாக்கு எண்டு சொல்லுறார்." இதைச் சொல்லும்போது உங்கள் முகத்தில் ஒரு பண்டிதர் தோரணை இருந்தது.

அந்தக் குளிர்காலம் முழுவதும் நீங்கள் வேறொன்றும் செய்யவில்லை. லாயத்தைக் கூட்டிக் கழுவிவிட்டுப் பின்பக்க வேலிக்குப் போய்விடுவீர்கள். முதல் மாதம் வேலிக்கு வெளியே ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அவளுக்கு முதுகு காட்டிக் குந்தியிருந்தீர்களாம். "பாத்துக்கொண்டிருந்தா வெக்கப்படுவாள்" என்றீர்கள். கோட்டுப் பையில் கரூபா. ஒரு நாள் பின்னாலிருந்து மூச்சு வந்து உங்கள் கழுத்தில் பட்டது. அன்று நீங்கள் பஸ் எடுக்காமல், பவோரித்தாவிலிருந்து அல்பெர்கேரியாவில் எங்கள் வீடு வரைக்கும் நடந்தே வந்தீர்கள். சந்தோசத்தில் பஸ்ஸுக்குள் இருக்கேலாமல் போய்விட்டதாம்.

பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பழக்கினீர்கள். கயிற்றைப் பிடித்து நடக்கும்போது "நட". நிற்கும்போது "நில்லு". தூரத்திலிருந்து கூப்பிட "வா". அந்த "வா" உங்களுக்கு மட்டுமே உரிய சொல்லாக இருந்தது. சத்தம் போடமாட்டீர்கள், வீட்டுக்குள் பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரித்தான். வேலியின் அந்தக் கடைசித் தொங்கலில் நிற்கிறவள் தலையை நிமிர்த்தி ஓடி வருவாள்.

ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. மற்றக் குதிரைகளெல்லாம் உள்ளே நின்று தானியம் மெல்ல, இவள் திறந்த வெளியில் நனைந்துகொண்டு ஒரு முள்ளுப் பற்றையைச் சுவைத்துக்கொண்டு நின்றாள். கூரை அவளுக்குப் பழக்கமில்லை. நான் வேலிக்கு நாலு முழம் இந்தப் பக்கமே நின்றுகொண்டேன். அவளும் என்னைப் பார்த்து மூக்கால் ஊதினாள்.

"செல்லம், இவதான் அவ. ஒண்டும் செய்ய மாட்டா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்கு வரும் வழியில் கேட்டேன். "கலியாணம் முடிச்சு இத்தனை வருசத்திலை என்னை ஒருக்காலாவது செல்லம் எண்டு கூப்பிட்டனீங்களோ?"

"உம்மை ஆர் சூசையப்பர் திருநாளுக்குள்ளை செல்லமாக்கச் சொன்னது?"

பஸ்ஸில் இருந்த சனம் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்துவிட்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. கொஞ்சுவதற்கென்று ஏதோ ஒன்று உங்களுக்குள் அத்தனை வருசமும் பூட்டிக் கிடந்ததை நான் அன்றுதான் கண்டேன். எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பத்ரோனே அந்த மாரியில் கால் எலும்பை முறித்துக்கொண்டு கிடந்தான். ஞாயிறுகளில் மட்டும் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு வருவார்கள். கார்க் கண்ணாடியைத் திறந்து, "செல்லா?" என்று கேட்பான். "செல்லா, செல்லா" என்று நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். அவனுக்கும் திருப்தி, உங்களுக்கும் திருப்தி. திருநாளுக்கு முந்தின ஞாயிறு அவன் கேள்வியை மாற்றிக் கேட்டான். "செல்லாவா, மச்செல்லோவா?" அந்தக் கிழமைதான் அவள் முதன்முதலாகத் தன் தலையை உங்கள் தோளில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். நீங்கள் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, "மச்செல்லோ, பத்ரோனே! மச்செல்லோ!" என்றீர்கள்.

"மனுசனுக்குக் கண் கலங்கிப் போச்சு. பாவம், அவ்வளவு சந்தோசம்." அன்று சாப்பாட்டின்போது இதை நீங்கள் மூன்று தரம் சொன்னீர்கள்.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்க, சிஞ்ஞோரா தன் சாமான் அறையைத் திறந்து என்னைக் கூப்பிட்டா. அவவும் வாலிபத்தில் குதிரையேறினவ. மூலையைக் காட்டி, "அந்தச் செல்லாவைத் துடைத்து எண்ணெய் பூசு" என்றா. நான் மூலையைப் பார்த்தேன். நாயுமில்லை, பூனையுமில்லை. செல்லம் எங்கே என்று தேடினேன். அவ கைத்தடியால் தட்டிக் காட்டினா. தோலால் செய்த, தூசி படிந்த ஒரு சேணம். "அப்ப மச்செல்லோ என்றால் என்ன, சிஞ்ஞோரா?" என்று கேட்டேன். அவ தன் கழுத்துக்குக் குறுக்கே விரலை இழுத்துக் காட்டினா.

நான் அந்த நிலத்திலேயே இருந்துவிட்டேன். இருந்தபடியே முழுக் கதையையும் சொன்னேன். சிஞ்ஞோரா முதலில் சிரித்தா, பிறகு சிரிப்பை நிறுத்தி, அண்ணன் மகனுக்கு ரெலிபோன் எடுத்தா. அவன் தூரிக்கு ஏற்கெனவே சொல்லிவிட்டானாம். நாளைக்குக் காலை லொறி வருமாம். பாசை விளங்காத பிழை என்று சிஞ்ஞோரா விளக்கினதற்கு அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்: "அந்தக் குதிரை மீது ஒரு நாளாவது சேணம் ஏறியிருக்கிறதா?" சிஞ்ஞோரா என்னைப் பார்த்தா. நான் இல்லை என்று தலையாட்டினேன். பிறகு அவ குரலை உயர்த்திச் சண்டை பிடித்துக் கடைசியில் ஒரு வாக்கு வாங்கினா. லொறி வந்து நிற்கும்போது அவள் ஓர் ஆளைச் சுமந்து ஒரு சுற்று நடந்து காட்டினால், இருக்கலாம்.

"அந்தச் செல்லாவைத் தூக்கு" என்றா சிஞ்ஞோரா. தூக்கினேன். லிபெர்த்தாவிலிருந்து பவோரித்தாவுக்குப் போகிற பஸ்ஸில், மடியில் ஒரு குதிரைச் சேணத்தை வைத்துக்கொண்டு ஒரு மன்னார்க்காரி இருந்ததை அந்தச் சனம் ஆயுளுக்கும் மறந்திருக்காது. ஒரு மனுசன் கையால் காட்டி, குதிரை எங்கே என்று கேட்டான். நான் அவனை முறைத்தேன்.

உங்களிடம் சொன்னபோது நீங்கள் வாளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். முகத்தில் இரத்தமில்லை. "என்ர வாயாலையே..." என்று தொடங்கினீர்கள், முடிக்கவில்லை. "சிரிச்சுக்கொண்டு சொன்னனான். நெஞ்சிலை கையை வைச்சுச் சொன்னனான்." நான் உங்களை அப்படி ஒருநாளும் கண்டதில்லை. ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்றைக்குக்கூட நீங்கள் அழவில்லை.

அவள் அந்த நேரம் வேலிக்கு மேலால் தலையை நீட்டி உங்கள் பையை மோந்துகொண்டு நின்றாள். அவளுக்கு என்ன தெரியும். நீங்கள் சேணத்தை வாங்கி அவளிடம் காட்டினீர்கள். மோந்தாள், நக்கினாள், திரும்பவும் பையிடம் போனாள். அன்று மாலைக்குள் முதுகில் வைக்கவும் விட்டாள். வயிற்றுவாரை இறுக்கினபோது மட்டும் தோல் ஒருமுறை சிலிர்த்தது. "நில்லு" என்றீர்கள், நின்றாள். ஆனால் நீங்கள் அவள் மேல் ஏறவில்லை. இருட்டுகிறது, நாளைக்குப் பார்ப்போம் என்றீர்கள். ஏன் ஏறவில்லை என்று எனக்கு மறுநாள்தான் விளங்கியது.

காலையில் நானும் வந்தேன். லொறி வந்து நின்றது, தூரி இறங்கினார். பத்ரோனே ஊன்றுகோலோடு கேற்றடியில் நின்றான். அங்கே சம்பளத்துக்குக் குதிரையேற்றம் பழக்குகிறவன், ஒருவரும் ஏறாத மலைக்குதிரையில் தான் ஏறமாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். நீங்கள் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்தீர்கள். ஏறப்போனீர்கள். வலப்பக்கத்தால்.

குதிரையில் இடப்பக்கத்தால்தான் ஏறுவார்கள் என்பது எனக்கும் அன்றைக்குத் தெரியாது. பத்ரோனேயின் முகத்தைப் பார்த்துத்தான் ஏதோ பிழை என்று கண்டேன்.

"நீ முன்பு குதிரை ஏறியிருக்கிறாயா?" என்று அவன் கத்தினான். இரண்டு பக்கமும் நான்தான் பாசை மாற்றிச் சொன்னேன்.

"இல்லை, பத்ரோனே."

"உன் தீவில் குதிரைகள் இருப்பதாகச் சொன்னாயே!"

"ஓம். குதிரைகள் இருக்கின்றன. நாங்கள் நடந்துதான் போவோம்."

தூரி லொறிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் கோட்டை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு, சூசையப்பரே, இந்த மனுசன்ர எலும்பைக் காப்பாத்தும் என்று மன்றாடினேன். நீங்கள் அவள் காதுக்குள் ஏதோ சொன்னீர்கள். பிறகு இரும்பு வளையத்துக்குள் காலை வைத்து, மதிலேறுகிறவர் மாதிரி வயிற்றால் இழுத்து இழுத்து மேலே போய்ச் சேர்ந்தீர்கள். அவள் காதுகள் இரண்டையும் பின்னால் திருப்பினாள். முழு உடம்பும் நடுங்கியது. உங்களுக்குந்தான்.

"நட."

நடந்தாள். ஒரு கல்லில்கூடக் கால் தட்டாமல், கோயில் திருநாளில் சுரூபக் கூடு சுமக்கிறவர்கள் நடப்பதுபோல நடந்தாள். நீங்கள் கடிவாள வாரை விட்டுவிட்டுப் பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். முழுச் சுற்று முடிந்து கேற்றடிக்கு வந்தபோது, "நில்லு, செல்லம்" என்றீர்கள். நின்றாள்.

"அது என்ன பாசை?" என்று பத்ரோனே கேட்டான்.

நீங்கள் வாயைத் திறக்கும் முன்னம் தூரி முந்திக்கொண்டார். "எங்கள் சான் பிராத்தெல்லோப் பேச்சு. மலைக்குதிரைக்கு மலைப் பேச்சுத்தான் விளங்கும். உங்கள் பலர்மோக்காரருக்கு எங்கே விளங்கப்போகிறது?" என்று சொல்லி உங்களைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, வெறும் லொறியோடு மலைக்குத் திரும்பினார்.

அதற்குப் பிறகு அவளுடைய இடத்தில் ஒரு பலகை தொங்கியது. அதில் CELLAM என்று எழுதியிருந்தார்கள். பூங்காப் பாதைகளில் புதியவர்களை ஏற்றிக்கொண்டு போக அவளைப்போல ஒரு குதிரை இல்லை என்று பெயரெடுத்தாள். ஏறுகிறவர்களுக்கு "நட", "நில்லு" இரண்டையும் நீங்களே பழக்கிவிட்டீர்கள். "வா" மட்டும் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

போன வருசம் உங்களுக்கு நெஞ்சு வருத்தம் வந்து ஆசுப்பத்திரியில் கிடந்தபோது, கடைசியிலும் கடைசி நாளன்று, உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு "கொஞ்சம் நில்லுங்கோவன்" என்றேன். நீங்கள் கண்ணைத் திறந்து சிரித்தீர்கள். "நான் என்ன செல்லமோ, நில்லெண்ட உடன நிக்க?" அந்த நிலையிலும் பகிடி. நிற்கவில்லை நீங்கள். எனக்கு உங்களில் இன்னும் கோபம் தீரவில்லை. கோபம் என்று சொல்கிறேன், வேறு என்ன சொல்வது? ஊரெல்லாம் இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கப்போகிறது என்று கதைக்கிறார்கள். நீங்கள் இல்லாத ஓர் ஆண்டுக்குள் புதிதாகப் போவதற்கு எனக்கு விருப்பமே இல்லை.

இன்று மத்தியானம், அந்தக் கோட்டோடும் காயோடும் பவோரித்தாவுக்குப் போனேன். நீங்கள் போன பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை. பத்ரோனே இடத்தை வேறொருவருக்கு விட்டுவிட்டானாம். முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், புதிதாக வந்த பழக்குநர், செல்லத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். தண்ணீர் பட்டதும் செல்லம் நகர, அந்தப் பலர்மோக்காரி நாக்குப் பிறழாமல் சொன்னாள்: "நில்லு, செல்லம்."

அது என்ன சொல் என்று கேட்டேன். "சான் பிராத்தெல்லோக்காரர் பேச்சு. அந்த மலைக் குதிரைகளுக்கு இப்படித்தான் சொல்ல வேண்டும். எங்கள் குதிரைகளெல்லாவற்றுக்கும் இப்போது இதைத்தான் பழக்குகிறோம்" என்றாள். தூரியின் பகிடி வேர்விட்டு மரமாகிவிட்டது. அது நெடுந்தீவுக்காரன் ஒருவன் சொல் என்று சொல்ல வாய்வரை வந்தது. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மலைக்காரர் தங்கள் பேச்சில் உங்களுக்கும் ஓர் இடம் தந்திருக்கிறார்கள், இருக்கட்டும்.

"உங்களுக்கும் அந்தப் பேச்சுத் தெரியுமா?" என்று கேட்டாள். கொஞ்சம் என்றேன். செல்லத்தைக் கழுவி முடித்துப் பின்பக்க வெளியில் விட்டாள். செல்லம் வழக்கம்போல வேலியின் அந்தத் தொங்கலுக்குப் போய்விட்டாள். நான் வேலியடிக்குப் போய், பக்கத்து அறையில் இருக்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி, "வா" என்றேன்.

தலையை நிமிர்த்தினாள். ஓடி வந்தாள். நாலு முழத்தில் ஒருக்கா நின்று, பிறகு கிட்ட வந்து கோட்டின் இடப்பக்கப் பையை மோந்தாள். காயைக் கொடுத்துவிட்டேன், நான் வைத்திருந்தால் பூச்சிதான் தின்னும். அதை மென்றுகொண்டே அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலால் கேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். காதுகள் இரண்டும் அந்தப் பக்கமே நீட்டியிருந்தன. மெல்லுவதைக்கூட நிறுத்திவிட்டாள். எவ்வளவு நம்பிக்கையோடு பார்த்தாள் என்றால், நானும் திரும்பிப் பார்த்தேன்.

கோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பையைத் தைக்கவில்லை. நாளைக்குப் பல்லரோவில் கரூபா வாங்க வேண்டும்.